வெர்னின் பித்தளைத் தண்டவாளம்

காலையில் எழுந்து முகம் கழுவியதும் என் மனைவி வேறொருத்தனுக்காக முட்டி போடுவாள். அவன் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. செத்தவன் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். ஜன்னல் வழியாக அதைத் தினமும் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

அவன் பெயர் வெர்ன். ஆர்டிஸின் முதல் புருஷன். நான் ரூடி, இரண்டாவது. இந்த விஸ்கான்சினிலேயே பிறந்து, சாசேஜ் ஆலையில் மாடாக உழைத்து, ஓய்வுபெற்று, மனைவியைப் புதைத்துவிட்டுத் தனியாகக் கிடந்தவன். ஊர்க்காரர்கள் கூடும் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் ஆர்டிஸுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். எங்கள் காதல் கதை அவ்வளவுதான்.

என் வீட்டை விற்றுவிட்டு அவள் வீட்டுக்கு வந்தேன். அவள் நியாயமானவள். வெர்னின் சட்டைகளை நான் வருவதற்கு முன்பே சர்ச்சுக்குக் கொடுத்திருந்தாள். படங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. கட்டில்கூடப் புதுசு. ஆனால் பின்பக்கத் தோட்டத்தில் பாதியை வெர்னின் ரயில் பிடித்துக்கொண்டிருந்தது. பொம்மை ரயில்தான், ஆனால் சின்னதில்லை. எஞ்சினைத் தூக்க இரண்டு கை வேண்டும். ஆப்பிள் மரத்தைச் சுற்றி, ஒரு கல் மேட்டைக் குடைந்து, இரண்டு பாலம் தாண்டி ஓடும் பாதை. ஓரமெல்லாம் குட்டை குட்டையாகப் பைன் செடிகள்.

தண்டவாளம் பித்தளை. அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குக் கரண்ட் போகும். ராத்திரிப் பனி பட்டால் பித்தளை கறுத்துவிடும். கறுத்தால் எஞ்சின் முக்கி முனகி நின்றுவிடும். அதனால் ஆர்டிஸ் தினமும் காலையில் ஒரு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, முட்டிக்கு ஒரு மெத்தையைப் போட்டு, பாதை முழுக்கத் தேய்ப்பாள். நின்றபடியே தேய்க்க நீளக் கம்பு இருக்கிறது. வெர்னின் ரயில் சங்கத்துக் கூட்டாளி டுவேன் ஒன்று வாங்கியும் கொடுத்தான். அது கராஜில் ஆணியில் தொங்குகிறது. அவளுக்குக் கையால்தான் தேய்க்க வேண்டும். பனிக்காலத்தில் தப்பிக்கலாம் என்று பார்த்தால் முடியாது. அப்போது எஞ்சினையும் பெட்டிகளையும் நிலவறைக்கு இறக்கி உட்கார்ந்து சக்கரம் துடைப்பாள்.

நான் மேஜையில் தனியாகக் காபி குடிப்பேன். அவளுடையது எதிரில் ஆறிக்கொண்டிருக்கும். ஜன்னலில் பார்ப்பேன். தேய்க்கும்போது அவள் உதடு அசையும். ஏதோ பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு இருக்கும்போது அவள் பாடி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"தேய்க்காம விட்டா என்ன ஆகும்?"

"நின்னுரும்."

"நிக்கட்டுமே."

ஆறிய காபியைச் சிங்கில் கொட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். தோட்டத்தின் மறு பாதி சும்மா கிடக்கிறது. அங்கே நான் ஒரு பாதை போடுவேன். எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைத்த ரயில், ரிமோட்டில் ஓடுவது. தண்டவாளம் கறுத்தாலும் பச்சையானாலும் அதற்குக் கவலையில்லை. தேய்க்க ஒன்றும் இல்லாத ரயில். ஆர்டிஸ் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

ரயில் சாமான் கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒருத்தன் எல்லாம் எடுத்துக் காட்டினான். கடைசியில், தண்டவாளத்துக்கு அடியில் என்ன போடுவது என்று கேட்டேன்.

"தீவனக் கடைக்குப் போங்க. கோழிக்குப் போடுற கருங்கல் குறுணைன்னு கேளுங்க. அதுதான் நல்லது."

"கோழிக்கா?"

"ஆமா, கோழி கல்லு தின்னும்ல, செரிக்கிறதுக்கு. அது."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். ரயில் வாங்க வந்த கிழவனிடம் கோழித் தீவனம் வாங்கச் சொல்கிறான். நான் வெளியே போனதும் உள்ளே எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். தோலுக்குள் என்னென்னவோ அடைத்துச் சாசேஜ் என்று விற்கிற உலகத்தில் வேலை பார்த்தவன் நான். என்னையா ஏய்ப்பது? கராஜுக்குப் பின்னால் ஒரு குவியல் கூழாங்கல் இருந்தது. உருண்டையாக, பார்க்க அழகாக. அதையே போட்டேன்.

பள்ளம் வெட்டினேன், கூழாங்கல்லை நிரப்பினேன், பலகை வைத்து மட்டம் பார்த்தேன், தண்டவாளத்தை வைத்து மூட்டினேன். முதுகு இரண்டாகப் பிளந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸைக் கூப்பிட்டேன். டுவேனும் கூடவே வந்தான், அவனை யாரும் கூப்பிடவில்லை. ரிமோட்டை அழுத்தினேன். பாதை நேராக இருந்தவரை எஞ்சின் போயிற்று. வளைவில் அடிக்கல் உருண்டது, தண்டவாளம் சாய்ந்தது, எஞ்சின் பக்கவாட்டில் விழுந்து மல்லாந்த வண்டு மாதிரி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "யோவ் ரூடி! பட்டாணியைக் கொட்டி அதுமேல ரயில் விடுறியா?"

"வாயை மூடு."

"குறுணைய்யா, கோழிக் குறுணை! முனை முனையா இருக்கும், ஒண்ணை ஒண்ணு கவ்விப் பிடிச்சுக்கும். வெர்னோட பாதை பூரா அதுதான். போய் அள்ளிப் பாரு."

ஆர்டிஸ் குனிந்து எஞ்சினை நிமிர்த்தி வைத்தாள். "கலர் நல்லா இருக்கு ரூடி" என்றாள். அசிங்கமான குழந்தையைப் பார்த்தால் பெண்கள் தலைமுடி நல்லா இருக்கு என்பார்களே, அந்தக் குரலில்.

கூழாங்கல் எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டினேன். தீவனக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தடியன் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டுக் கேட்டான்: "இவ்வளவா! எத்தனை கோழி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஓ, ரயிலா? வெர்ன் இங்கதான் வாங்குவாரு. அருமையான மனுஷன்."

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன்.

கோடை முடிவதற்குள் என் பாதை ஒழுங்காகிவிட்டது. குறுணை தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டது. மழை வந்தது, அசையவில்லை. சாயங்காலம் ஆர்டிஸ் பிராந்தியும் ஐஸும் போட்ட கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கம் உட்காருவாள். ரயில் சுற்றும். "நிக்காம ஓடுதே!" என்பாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் விடிந்தால் மறுபடி அந்தப் பக்கம் முட்டி போட்டிருப்பாள்.

அவள் முட்டிதான் எனக்கு வழிவிட்டது. ஒரு நாள் தேய்த்துவிட்டு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். உள்ளே உட்கார வைத்து ஐஸ் கட்டிக்கொண்டே சொன்னேன்.

"வெர்னோட எஞ்சினுக்குள்ளயும் பேட்டரி வச்சுரலாம். அப்புறம் தேய்க்கவே வேணாம்."

"அதைத் தொறக்கணுமா?"

"தொறந்து மூடிரலாம். டுவேனே பண்ணட்டும், என்னை நம்பலைன்னா."

"நம்பறதுக்கு என்ன இருக்கு இதுல?" என்றாள். வெகுநேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி. பண்ணுங்க ரெண்டு பேரும்."

டுவேன் கராஜில் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே செத்த சிலந்தியும் கொஞ்சம் காய்ந்த புல்லும் இருந்தன. சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயரைக் காட்டி, இதை வெட்ட வேண்டும் என்றான்.

"கட்டரைக் கொடு. நான் வெட்றேன்."

"உனக்கு என்னய்யா இதுல இவ்வளவு ஆசை?"

வெட்டினேன். ரம்பமில்லாமல் ஒரு மரத்தைச் சாய்த்தது போல இருந்தது.

மறுநாள் காலை ஆர்டிஸ் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சூடான காபியைக் குடித்தாள். மேகம் கறுத்திருக்கிறது என்றாள். நான் ஆமாம் என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் என் தட்டைப் பார்த்தாள்.

"வெர்னுக்கு முட்டை மஞ்சள் உடையக் கூடாது. உடைஞ்சா நாய்க்குப் போட்ருவான்."

"அப்படியா."

மூன்றாம் நாள், வெர்ன் மீன் பிடிக்கப் போய் ஏரியில் தொப்பியை விட்ட கதை. அடுத்த நாள், வெர்னின் அம்மா அவளை முதல் தடவை பார்த்ததும் என்ன சொன்னாள் என்பது. அப்புறம் வெர்னின் குறட்டை. வெர்ன் கடைசியாக ஆஸ்பத்திரியில் பச்சை ஜெல்லியைத் தூக்கி எறிந்தது. கல்யாணமானதிலிருந்து அந்தப் பெயரை அவள் என்னிடம் சொன்னதை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது என் ரொட்டியில் வெர்ன், என் காபியில் வெர்ன். வெளியே தோட்டத்தில் ஈரத்தில் கிடந்தவனை நானே கதவைத் திறந்து உள்ளே கூட்டிவந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை பொறுக்க முடியவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்க வச்சிருந்த?"

"எதை?"

"இந்த வெர்ன் புராணத்தை."

அவள் யோசித்தாள். கோபப்படவில்லை. "தேய்க்கும்போது அவன்கூடப் பேசிட்டிருப்பேன். பாலத்துக்கிட்ட ஆரம்பிச்சா மரத்துக்கிட்ட முடியும். இப்ப அது இல்லயே. பேச வேற யாரு இருக்கா? நீதான்."

பாட்டு இல்லை அது. பேச்சு.

"தினமும் அவன்கிட்டப் பேச என்ன இருக்கு? செத்தவனுக்குப் புதுசா என்ன நடக்குது?"

"அவனுக்கு ஒண்ணும் நடக்கல. எனக்கு நடக்குதே. பாதி உன்னைப் பத்தித்தான்."

"என்னைப் பத்தியா? அவன்கிட்டயா?"

"வேற யார்கிட்டச் சொல்ல? உன்னைப் பத்தி உன்கிட்டயேவா சொல்ல முடியும்?"

"என்ன சொன்ன?"

"அது எனக்கும் அவனுக்கும்" என்று எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அதுவரை நான் பட்டது பொறாமையே இல்லை. அவள் அவனை நினைக்கிறாள் என்றுதான் எரிந்துகொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது, என்னைப் பற்றி என் மனைவி என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, மண்ணுக்குள் இருக்கிறவனுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவன் கேட்டிருக்கிறான். நான் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே டுவேன் வந்தான். வெர்னின் தண்டவாளத்தைப் பார்த்து முகம் சுளித்தான். பித்தளை காப்பிப்பொடி நிறத்துக்குப் போயிருந்தது.

"பாக்கவே கஷ்டமா இருக்கு ஆர்டிஸ். ஒயரை மறுபடி சேர்த்துரட்டுமா? பத்து நிமிஷ வேலை. முட்டி இப்ப தேவலதானே?"

"முட்டி தேவலதான்" என்றாள். தண்டவாளத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, நான் குருடன் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். "காலையில கை சும்மாவே இருக்க மாட்டேங்குது. நீ என்ன சொல்ற ரூடி?"

என்ன சொல்வது? சரி என்றால் என் மேஜையிலிருந்து வெர்ன் போய்விடுவான். நிம்மதியாக முட்டை தின்னலாம். ஆனால் அவள் அங்கே போய் முட்டி போட்டு, என்னைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே, என் காதுக்கு எட்டாமல். யாரையும் நம்பாதவன் நான். எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் பேசுவதைவிட, என் எதிரில் உட்கார்ந்து என்னைக் கொல்லட்டும்.

"சேர்க்க வேணாம்" என்றேன்.

டுவேன் சிரித்தான். "வெர்னோட ரயிலைக் கறுக்க விட்டே தீருவேன்னு நிக்கிற."

"நீ வீட்டுக்குப் போய்யா."

அவன் போனதும் ஆர்டிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் தினமும் காலையில என்ன பண்ணட்டும்?"

"என் எதிர்ல உக்காரு. பேசு."

"வெர்னைப் பத்தியா?"

"எவனைப் பத்தி வேணாலும் பேசு. அவன்கிட்டச் சொன்னதையெல்லாம் என்கிட்டச் சொல்லு. என்னைப் பத்திச் சொன்னதையும் சேர்த்து."

"அதுல நல்லது கொஞ்சம்தான் இருக்கு ரூடி."

"இருக்கட்டும்."

"கேட்டா எரியாதா உனக்கு?"

"எரியும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஏதோ புது ஆளைப் பார்ப்பது போல. அப்புறம் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"சரி, முதல்ல இதைக் கேளு" என்று ஆரம்பித்தாள். "கல்யாணமான முதல் வாரம் நீ என் பர்ஸைத் திறந்து பாத்தியே, நான் தூங்குறேன்னு நினைச்சு. அடுத்த நாள் காலையில வெர்ன்கிட்டச் சொன்னேன்..."

பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.