அணைக்கரை மாப்பிள்ளை

பாறசாலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜிஜோ, காலையில் புட்டும் பயறும் பிசைந்து முதல் வாய் வைக்கப் போனபோது போன் சிணுங்கியது. விடுப்பில் ஊருக்கு வந்திருந்த மைத்துனன் தீபு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

"அத்தான், மாஸ்க்கும் கையுறையும் வந்தாச்சு. சனியாழ்ச்ச மத்தியானம் குளத்தில பிராக்டீஸ் உண்டு. இந்தத் தடவ கேட்டுட்டு பதில் மிண்டாம இருக்கப்பிடாது, கேட்டியளா."

ஜிஜோ பிசைந்த புட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். ஊரில் இத்தனை பேர் விடுப்பில் வருகிறார்கள், சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போகிறார்கள். இவனுக்கு மட்டும் ஏன் இந்த ஆட்டம் என்று எரிச்சலாக வந்தது.

தீபு மஸ்கட்டில் வேலை பார்க்கிறவன். அங்கே விடுமுறை நாட்களில் கடலில் முங்கி, பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் சிங்கி இறாலைக் கையால் பிடித்துப் பழகிவிட்டான். இங்கே அந்தக் குடும்பத்தில் எல்லாரும் கடற்கரைக்குப் போனால் முழங்கால் நனையப் படம் எடுத்துக்கொண்டு கடலை கொறித்துத் திரும்புகிறவர்கள். அவர்களையும் ஒரு தடவை முங்க வைத்தே தீருவது என்று நின்றான். படகுக்காரரிடம் பேசிவிட்டான். அனுமதிக்கு அலைந்தான். முட்டை சுமக்கும் இறாலையும் குஞ்சு இறாலையும் தொடக் கூடாது என்று இப்போதே எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தான். கடைசியாக ஒரு விதியும் போட்டான். இரண்டிரண்டு பேராகத்தான் முங்க வேண்டும். ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே இருந்து கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

"எனக்கு அத்தானாக்கும் ஜோடி" என்று அறிவித்துவிட்டான்.

சிக்கல் அங்கேதான். ஜிஜோவுக்கு நீச்சல் தெரியாது.

இது பாறசாலையில் ஜிஜோவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் பிறந்தது கள்ளிக்காட்டில், நெய்யாறு அணையின் தண்ணீரைப் பார்த்த வீட்டில். பெண் பார்க்கப் போன அன்றே மனைவி ஸ்மிதாவின் சித்தப்பா, "டேம் கரைக்காரனுக்கு நீச்சல் சொல்லியா குடுக்கணும்" என்று சிரித்தார். ஜிஜோவும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. அணைக்கரைப் பிள்ளைகளைத் தண்ணீரில் முதலை கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பார்கள், கணுக்கால் நனைத்தாலே அம்மா கம்பெடுப்பாள் என்பது பாறசாலைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நம் ஆண்பிள்ளைகளுக்கு வரி ஏய்த்ததைக்கூட நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்ல வரும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல மட்டும் நாக்கு புரளாது.

அதன்பின் பொய்க்குக் காவல் நிற்பதே அவனுக்கு வேலையாகிப் போனது. கூட்டாளிகள் குளிக்கக் கூப்பிட்டால், "டேம் தண்ணி பழகினவனுக்கு இந்தக் குளத்துத் தண்ணி ஒத்துக்கிடாது" என்பான். அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் மகள் ஜிஜாவின் பள்ளியில் நீச்சல் வகுப்பு தொடங்கியபோது, "காசு குடுத்துப் படிக்கணுமா? நானே படிப்பிச்சுத் தாறேன்" என்று தடுத்துவிட்டான். வருடங்கள் போயின. பிள்ளை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா மீன் மாதிரி நீந்துவார் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டும் இருந்தது.

தீபுவிடமிருந்து தப்பிக்க ஜிஜோ என்னவெல்லாமோ செய்து பார்த்தான். காது வலி என்றான். தீபு காதில் விடும் மருந்தோடு வந்து நின்றான். கடையில் சரக்கு இறங்குகிறது என்றான். தீபு தானே வந்து டப்பாக்களை இறக்கிவைத்துவிட்டுப் போனான். நல்லவனாக இருப்பதில் இவ்வளவு தொல்லை இருக்கும் என்று ஜிஜோ நினைத்ததே இல்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். குளத்தில் படியிலேயே நின்று சமாளிப்பது, கடலில் படகேறியதும் தலைசுற்றல் என்று படுத்துவிடுவது. அப்போது பாறைக்கடியில் கிடக்கும் தீபுவை மேலிருந்து யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி வந்தது. அதைப் பிறகு யோசிக்கலாம் என்று ஒதுக்கிவைத்தான்.

சனிக்கிழமை குளக்கரையில் எல்லாரும் கூடினார்கள். பயணத்துக்கு ஜீப் ஓட்டச் சம்மதித்து, இன்றைக்கும் எல்லாரையும் அதில் கூட்டிவந்திருந்த பக்கத்து வீட்டுச் சுயம்பு, சட்டையைக் கழற்றாமலே ஓரமாக நின்றான். ஸ்மிதா துண்டுகளோடு கரையில் உட்கார்ந்தாள். ஜிஜோ முழங்கால் தண்ணீரில், கடைசிப் படியில் நின்றான்.

"இறால் பகல்ல பொந்துக்குள்ள இருக்கும். மீசை மட்டும் வெளிய தெரியும். எப்பிடிப் பாக்கணும்ணு காட்டுறேன்" என்று சொல்லி தீபு முங்கினான்.

எல்லார் கண்ணும் தண்ணீரில் இருந்த அந்த நேரத்தில் ஜிஜா எதிர்ப்பக்கச் சுவரில் ஏறிவிட்டாள். பையன்கள் குதிக்கும் இடம். கீழே நல்ல ஆழம். முகத்தில் மாமா வாங்கிய மாஸ்க்குகளில் ஒன்று.

"அப்பா, நான் சாடப் போறேன். பிடிச்சுக்கிடுங்க."

"இறங்கு மக்கா. அங்க ஆழம் உண்டு."

"அதுக்கென்ன? அப்பா உண்டில்லா."

அவள் முழங்காலை மடக்கினாள். ஜிஜோ ஒரு படி இறங்கப் பார்த்தான். அதற்குக் கீழே படி இல்லை. இத்தனை வருடம் புரளாத நாக்கு தானாகப் புரண்டது.

"சாடாத மக்கா. எனக்கு நீந்தத் தெரியாது. சத்தியமாட்டு தெரியாது."

குளத்தின் நாலு கரையிலும் கேட்கும்படி அவன் கத்தினான். ஜிஜா அப்படியே நின்றாள். பிறகு மெல்லச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்மிதா ஓடிப்போய்ப் பிள்ளையை இறக்கிக் கூட்டிவந்தாள்.

"நீச்சல் தெரியாத மாப்பிள வேண்டாம்ணு ஆராவது சொன்னாவளா?" என்றாள் ஜிஜோவிடம். "பிள்ளைய கிளாஸுக்கு விடாம வச்சிருந்தது இதுக்காக்கும், இல்லியா?"

இதற்குள் மேலே வந்திருந்த தீபுவுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் கையுறையைக் கழற்றிப் படியில் எறிந்தான்.

"அங்க பாறையில எனக்க கை மாட்டினா, மேல அத்தான் பாத்துட்டு நிப்பாருண்ணு நம்பிக் கெடந்திருப்பேன். நீங்க சாட முடியாம படகிலயே நின்னிருப்பிய, இல்லியா?"



"பயணம் இப்பம் இல்ல. எல்லாரும் நீந்தப் படிங்க. பெறவு இறாலப் பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தீபு சாமான்களைப் பையில் திணித்தான். ஆசையாகச் சேர்த்த சாமான்கள். திணிக்கிற வேகத்திலேயே அவன் மனசு தெரிந்தது.

ஜிஜா மட்டும் அப்பாவிடம் வந்தாள். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கிளாஸாப்பா?" என்றாள். ஜிஜோ ஆமென்று தலையாட்டினான்.

எல்லாரும் கிளம்பும்போது சுயம்பு அவன் பக்கத்தில் நெருங்கி வந்து காதில் சொன்னான்: "அண்ணா, எனக்கும் நீந்தத் தெரியாது. ஆருகிட்டயும் சொல்லாதீங்க, நாணக்கேடு."

ஜிஜோவுக்கு அன்று முழுதும் அடக்கிவைத்திருந்த ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எலே, தெரியாதுண்ணு சொன்னா மானம் போவும்ணு நானும் நினைச்சேன். சொல்லாம இருந்ததில இப்பம் எனக்க பிள்ள போயிருக்கும். தெரியாதது ஒரு குத்தமே இல்ல, அத மறைக்கதாக்கும் ஆளக் கொல்லுது. தீபு ஜீப்பில ஏறுதுக்கு முன்ன, நீயே போய் அவன்கிட்ட சொல்லு."