இருக்கு, இருக்கு, போச்சு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தச் சரக்கு இல்லை. என் தங்கை கையில் சாப்பாட்டுத் தட்டோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

அவள் லாரிகளுக்கு ஒயரிங் பார்ப்பவள். அவள் வீட்டுக்காரர் கியர்பாக்ஸ் மெக்கானிக். இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே வீடு. கொஞ்ச நாளாக வீடு மட்டும் இரண்டாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். காலையில் பட்டறைக்குப் போவாள், அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்ப்பாள், சாயங்காலம் வந்து என் சோபாவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். கூரையில் ஒன்றுமில்லை. நானும் பார்த்துவிட்டேன்.

"என்ன வேணா எழுதிக்கோக்கா. அவர வில்லனாக்கிடாத" என்கிறாள். வீட்டை விட்டு வந்தவள் பேசுகிற பேச்சா இது?

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிய ஒரு மாலையில், அந்த லாரி காயம்பட்ட யானையைப் போல

(எட்டிப் பார்த்தாள். மழையும் கிடையாதாம், யானையும் கிடையாதாம். சரி, விடு.)

இரண்டாவது தொடக்கம்: ஒரு லாரி வந்தது. அதன் கியர்பாக்ஸை மாப்பிள்ளை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கோர்த்தார். ஒயர்களையெல்லாம் தங்கை திரும்ப மாட்டினாள். போன வண்டி திரும்பி வந்தது. ஓட்டும்போது திடீரென்று டாஷ்போர்டுத் திரையில் கியர் எண் மறைந்துவிடுகிறதாம். மறைந்தால் வண்டி எந்தக் கியரையும் எடுக்காது. ஒருமுறை மேட்டில் அப்படியே நின்றுவிட்டது. வண்டிக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆனால் பட்டறைக்குள் வந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை, டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.

இதுவே இருக்கட்டும்.

3

கியர்பாக்ஸ்தான் என்றாள் இவள். ஒயர்தான் என்றார் அவர். அதுவரை சரி, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் வண்டிக்காரர் முன்னாலேயே மாப்பிள்ளை, "ஒயரிங்க ஒழுங்கா பாத்திருந்தா வண்டி ஏன் திரும்பி வருது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் பையைத் தூக்கினாள்.

[இங்கே மாப்பிள்ளையின் மனதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவர் மனது எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கியர்பாக்ஸைக் கோர்த்து முடித்ததும் அதற்குத் தன் கையாலேயே வெள்ளிப் பெயின்ட் அடிப்பார், குளிப்பாட்டிய குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல. வண்டிக்கு அடியில் போய் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இவ பாப்பாளேக்கா" என்றார். இந்த ஆளை நான் எங்கே வில்லனாக்குவது?]

4

வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு ஒயராக அசைக்க வேண்டும். மேலே இருப்பவர் வாயை மூடவே கூடாது. எண் தெரிகிறவரை "இருக்கு", மறைந்தால் "போச்சு".

இன்று பட்டறையில் வேறு ஆள் இல்லை. நாளைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும் என்று வண்டிக்காரர் நெருக்கிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் கேபினில் ஏறினார். இவளும் ஒன்றும் பேசாமல் அடியில் போனாள்.

"இருக்கு" என்றார் மேலேயிருந்து. "இருக்கு. இருக்கு."

சண்டைக்குப் பிறகு அவர் இவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

(இதைச் சொல்லும்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.)

சீக்கிரமே பிடித்துவிட்டாள். கியர்பாக்ஸையும் வண்டியின் சேஸிஸ் சட்டத்தையும் இணைத்துக் கரண்டைக் கடத்துகிற எர்த் பட்டை. அதை அசைத்தால் "போச்சு", விட்டால் "இருக்கு". கழற்றிப் பார்த்தால் அடியில் பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். பெயின்டுக்கு மேலேயே பட்டையை வைத்து முடுக்கியிருக்கிறது. பெயின்ட் கரண்டை விடாது, வண்டி குலுங்கினால் எப்படிப் போகும்?

அப்படியானால் தப்பு பெயின்ட் அடித்தவர் மேல்தானே என்று நான் துள்ளினேன்.

"பட்டைய முடுக்குனது நான்க்கா. அந்த எடத்தச் சுரண்டிட்டுத்தான் முடுக்கணும், அது எனக்குத் தெரியும். அவ்ளோ அழகா அடிச்சிருந்தாரு, சுரண்ட மனசு வரல."

கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

இன்று சுரண்டினாள், உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை. பட்டையை முடுக்கிவிட்டு, பிடித்து உலுக்கினாள். "இருக்கு." வேலை முடிந்தது. வெளியே வரவேண்டியவள் வரவில்லை. சம்பந்தமில்லாத ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டே படுத்திருந்தாள். மேலேயிருந்து "இருக்கு, இருக்கு" வந்துகொண்டே இருந்தது. பிறகு ஆட்டுவதையும் விட்டுவிட்டு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர் "போச்சு" என்றார்.

5

முடிவு ஒன்று: இன்னொரு கோளாறு எங்கோ ஒளிந்திருக்கிறது. வண்டியை விடக்கூடாது.

முடிவு இரண்டு: உப்புத்தாள் சத்தமும் ஸ்பேனர் சத்தமும் மேலே கேட்காமலா இருக்கும்? வேலை முடிந்தது அவருக்கும் தெரியும். முடிந்தால் இவள் வெளியே வந்துவிடுவாள். வந்தால் பழையபடி பேச்சு நின்றுவிடும். அதனால் அவர்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் போதவில்லை.]

ஆனால் மேட்டில் நின்ற வண்டி அது. நிஜமா பொய்யா என்று தெரியாமல் சாவியைக் கொடுக்க முடியாது. இவள் வெளியே வந்து, படியில் ஏறி, கேபின் கதவைத் திறந்தாள்.

"திரையில என்ன இருந்துச்சு?" என்றேன்.

"மொதல்ல திரையப் பாக்கலக்கா."

"அப்புறம்?"

"எண் இருந்துச்சு."

"அப்போ பொய்தானே சொன்னாரு?"

"வந்து வந்து போற கோளாறுக்கா. நான் பாக்கறப்ப எண் திரும்பி வந்திருக்கலாம்ல" என்று தட்டோடு எழுந்துவிட்டாள். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

6

கீழே ஹாரன் அடிக்கிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அதே லாரி, ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை. மேட்டில் ஏற்றிப் பார்க்கப் போகிறார்களாம். அவர் ஓட்டுவார், இவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள். பையை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டேன். மேடு ஏறிவிட்டு வந்து சொல்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அந்த இரண்டாவது முடிவுதான் நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனாலேயே அதை நான் எழுதக்கூடாது.

பை என் சோபாவில் இருக்கிறது. லாரி தெருமுனையைத் திரும்பிவிட்டது. இங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறதா, அவள் என்ன சொல்கிறாள்?