திருப்பி அடித்தால் தோல்வி

ஆறு பெண் பிள்ளைகளைக் குத்துச்சண்டைப் போட்டிக்கு அழைத்துப்போக வேண்டும். பஸ், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் என்று செலவு மலையாக நின்றது. பன் விற்றார்கள், கார் கழுவினார்கள். எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசியில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரே ஒரு வழி சொன்னார்.

"என்னை நாலு சாத்து சாத்தணும்னு எத்தனையோ பேருக்கு ஆசை. சும்மா ஏன் விடணும்? டிக்கெட் போட்டு விப்போம்."

ஞாயிறு மதியம் லாரிகள் நிற்கும் திடலில் நான்கு பீப்பாய்களைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு நிமிடம். நடுவில் நிற்பவர் தடுக்கலாம், விலகலாம். திருப்பி அடித்தால் தோற்றவர். அட்டையில் எழுதியே மாட்டியிருந்தது. சனம் குவிந்துவிட்டது. அடுத்தவன் அடி வாங்குவதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ஆறு பேரில் ஒருத்தியின் அம்மா, பேக்கரியில் மாவு பிசைகிறவள், அவளும் கூட்டத்தில் நின்றாள். மகளின் சம்மதப் படிவம் அவள் பையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அப்பன் கையெழுத்துப் போட்டால்தான் மகள் போக முடியும். அப்பனோ முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அவன் லாரி மெக்கானிக். சக்கரத்தைத் தனி ஆளாகத் தூக்குவதால் ஊருக்கு அவன் 'ஜாக்கி'. அவனைப் போலத் தங்கமான மனுஷன் கிடையாது என்று தெருவே சொல்லும். அந்தத் தங்கத்தின் எடை அவள் விலா எலும்புக்குத்தான் தெரியும்.

ஜாக்கி மூன்று டிக்கெட் வாங்கினான். முதல் நிமிடத்தில் மாஸ்டரின் புருவம் கிழிந்தது. இரண்டாவதில் மூக்கு உடைந்தது. கைதட்டிய கூட்டம் மெல்ல அடங்கியது. மூன்றாவதில் வயிற்றில் இறங்கிய குத்தில் மாஸ்டர் மடங்கி விழுந்தார். விசில் பிடித்திருந்த மகள் நிமிடம் முடிந்ததென்று ஊதினாள். ஊதிய பிறகும் அவன் இரண்டு அடித்தான். மாஸ்டர் திருப்பி ஒரு விரல்கூடத் தூக்கவில்லை.

ஜாக்கி கையுறைகளைக் கழற்றி எறிந்தான். "இப்ப நான் நிக்கறேன். ஆம்பளைங்க யாராவது இருக்கீங்களா? என்னை எவனாவது தோக்கடிச்சா இங்கேயே கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா என் பொண்ணு இந்தக் கூத்தெல்லாம் விட்டுட்டு வீட்ல கிடப்பா!"

ஒருவனும் அசையவில்லை. மாஸ்டரின் ரத்தம் இன்னும் காயாமல் தரையில் இருந்தது.

"எனக்கு ஒரு டிக்கெட் குடு கண்ணு," என்றாள் அவள், டிக்கெட் விற்ற பிள்ளையிடம்.

திடல் சிரித்தது. ஜாக்கியும் சிரித்தான். "வாடி வா."

ஈரமான கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். முதல் குத்து அவன் தோளில் பூப்போல விழுந்தது. இரண்டாவது தாடையில் இறங்கியது. தினமும் மூட்டை மாவு பிசைகிற கை அல்லவா! மூன்றாவதில் அவன் உதடு கிழிந்தது.

"ஜாக்கி, உன் வீட்டுக்காரிகிட்டயே வாங்குறியே!" என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. அவன் காதுமடல் சிவந்தது. அந்தச் சிவப்பு வந்தால் அடுத்து என்ன வரும் என்பது அவளுக்குப் பதினேழு வருடத்துப் பாடம்.

அவள் கைகளைத் தொங்கவிட்டாள்.

அவன் இடது கை அவள் கொண்டையைப் பற்றியது. வலது கை கன்னத்தில், கண்ணில், மறுபடி கண்ணில் இறங்கியது. கீழே விழுந்தவளின் விலாவில் ஒரு உதை. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே அடிக்க வேண்டும் என்று அவன் யோசிக்கவே இல்லை. இது இன்றைக்குப் பழகிய கை இல்லை என்று பார்த்த அத்தனை பேருக்கும் புரிந்தது. இரண்டு டிரைவர்கள் கயிற்றைத் தாண்டி வந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள்.

மாஸ்டர் உடைந்த மூக்கோடு எழுந்து உட்கார்ந்தார். "திருப்பி அடிச்சிட்டீங்க. தோத்துட்டீங்க."

"அவ என் பொண்டாட்டிய்யா! நான் அடிப்பேன், உனக்கென்ன?"

தங்கமான மனுஷன் என்று சொன்ன வாய்கள் எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு டிரைவர் பேனாவை நீட்டினான். மகள் அம்மாவின் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பீப்பாய் மேல் வைக்க, ஜாக்கி கிறுக்கினான். "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

"நான் வரல. பிள்ளைங்களுக்குத் துணையா பஸ்ல போறேன்," என்றாள் அவள், தரையில் கிடந்தபடியே.

மகள் ஈரத்துணியை அம்மாவின் கண்ணில் வைத்து ஒற்றினாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நல்லாத்தானே குத்திக்கிட்டிருந்தே! கையை ஏம்மா கீழ விட்டே? கை எப்பவும் முகத்துக்கு முன்னால இருக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"கை மேல இருந்திருந்தா," என்றாள் அம்மா, "உங்கப்பன் அடிச்சிருக்க மாட்டானேடி."