தூண்களுக்குத் திடப்படுத்தல்

புன்னைச்சேரி லூத்தரன் கோவிலில், பதினான்கு வயதில் வேதபாடம் ஒப்பித்துத் திடப்படுத்தல் பெறாத எந்த மரமும் கூரையைத் தாங்கக் கூடாது. அதுவரை அதன் ஞானத்தகப்பனோ ஞானத்தாயோதான் தாங்க வேண்டும்.

கோவிலைக் கட்டியவர்கள் கப்பல் தச்சர்கள். அதனால் கூரை ஒரு கவிழ்த்துப் போட்ட தோணி. ஆணி கிடையாது. இருபத்துநான்கு தூண்களும் ஒன்றையொன்று நம்பித்தான் நிற்கின்றன. மணிக்கூண்டு மட்டும் வெளியே தனியாக நிற்கும். அது வேறு சபையிலிருந்து வந்த மரம். அந்தச் சபை தரவேண்டிய மாற்றுக் கடிதம் நூறு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. அது வந்து சேரும்வரை மணிக்கூண்டு எங்கள் சபையில் சேர்த்தியில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன் அடித்த புயலில் ஆண்கள் பக்கம் ஒரு தூணும் பெண்கள் பக்கம் ஒரு தூணும் விழுந்தன. புதுத் தூண்களுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. ஆண்கள் பக்கத் தூணுக்கு நான் ஞானத்தகப்பன், பெண்கள் பக்கத் தூணுக்குப் பெர்சியாள் ஞானத்தாய். அன்றைக்கே உத்தரத்துக்குத் தோள் கொடுத்துவிட்டோம். தூண்கள் பக்கத்தில் நின்று படித்தன. எங்கள் இருவருக்கும் நடுவில் பதினெட்டு அடி. பதினான்கு வருஷம் ஒரு பெண்ணை எதிரே பார்த்து நிற்பவன் காதலிக்காமல் வேறு என்ன செய்வான்? எங்கள் கல்யாணத்துக்கு ஒரே தடை அந்தக் கூரைதான்.

போன ஞாயிறு பரீட்சை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெர்சியாளுக்கு யாரோ மல்லிகை வைத்துவிட்டிருந்தார்கள்.

“பயமா இருக்கா?” என்றாள்.

“எனக்கென்ன பயம்? படிச்சது தூணு.”

சபைப் போதகர் ஞானாபரணம் ஐயர் கேட்கக் கேட்க, என் தூண் பத்துக் கட்டளைகளையும் கடகடவென்று ஒப்பித்தது. தோளை எடுத்தேன். கூரை அசையவில்லை. கோவில் என்றும் பாராமல் துள்ளிக் குதித்தேன்.

அடுத்தது பெர்சியாளின் தூண்.

“இரண்டாம் கட்டளை என்ன?”

“விக்கிரகம் செய்யாதே.”

சபையே தலையில் அடித்துக்கொண்டது. எங்கள் எண்ணிக்கையில் இரண்டாவது, கர்த்தரின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பது. அதுவோ திருநெல்வேலி மரம். அங்கே ஆங்கிலிக்கன் சபையார் எண்ணுகிறபடி சொல்லிவிட்டது. வளர்ந்த இடம் அப்படி.

“அடுத்த வருஷம் பார்ப்போம்,” என்றார் ஐயர்.

பெர்சியாளின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையும் உத்தரத்தில் இருந்தன. பதினெட்டு அடியை ஏழே தப்படியில் கடந்தேன். நான் பெண்கள் பக்கம் போவதைக் கண்டு யாரோ இருமினார்கள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் தோள் கொடுத்தேன்.

“ஐயா, கல்யாண ஓலையை வாசிச்சிடுங்க,” என்றேன்.

“இப்படி நின்னுக்கிட்டேவா?” என்றாள் பெர்சியாள்.

“பதினாலு வருஷம் தனித்தனியா நின்னோம். ஒரு வருஷம் சேர்ந்து நிக்க மாட்டோமா?”

அவள் சிரித்துவிட்டாள். ஐயர் ஓலையை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்.

வெளியே மணிக்கூண்டு கை தூக்கியது. தானும் நெடுநாளாகப் பெர்சியாளை விரும்புவதாகச் சொன்னது. மாற்றுக் கடிதம் இன்னும் வராததால், ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.