செவ்வாய்க் கூடாரத்தில் நாற்பது நாள்

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கூடாரம் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறவர்கள் அதற்குள் அடைந்து கிடந்து பழகுவார்கள். மேவிஸ் ஆகிய நான் வெளியிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிறவள். ஆறு வருடமாகக் கட்டுகிறேன், இன்னும் ஒருத்தரும் போன பாடில்லை.

செவ்வாய் பூமியை நெருங்கும்போதுதான் அங்கே போகத் தோது; அது இருபத்தாறு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். கம்பெனி தேதி சொல்லும், பிறகு ரத்து என்று கடிதம் வரும். முதல் கடிதத்துக்கு எல்லாரும் அழுதார்கள். இரண்டாவதை யாரும் முழுக்கப் படிக்கக்கூட இல்லை.

அவர்களில் மூத்தவன் வெண்டெல் புரூயிட். அவன் மகள் லோர்னா அப்பாவின் பயிற்சிக்காக இரண்டு தடவை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள். மூன்றாம் முறை போனில் கறாராகப் பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நீயே தேதி சொல்லுப்பா. சர்ச்சுல நீ கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான் எனக்கு. ஆனா இனிமே மாத்த மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை காலையில உள்ள போறேன். நாப்பது நாள். வெள்ளிக்கிழமை வந்துருவேன். மறுநாள் பதினோரு மணிக்கு வச்சுக்கம்மா."

உள்ளே போன் கிடையாது, நம் கடிகாரமும் கிடையாது. செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம். அதன்படிதான் தூங்கி எழுவார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பவனே வெண்டெல்தான். ஆனால் ஆறு வருடப் பழக்கத்தில், நாள் என்றாலே அந்த நாள்தான் என்று ஊறிப்போய்விட்டது. எனக்கும் உறைக்கவில்லை. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்னும் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை கதவு திறக்காமல் போனதும் மேலாளரிடம் ஓடினேன்.

"அவங்க கணக்குக்கு இன்னும் ஒரு நாள் இருக்கு மேவிஸ். பயிற்சியைப் பாதியில கெடுக்க முடியாது" என்றார். அவர் மேஜைமேல் மூன்றாவது ரத்துக் கடிதம் கிடந்தது. எதற்குப் பயிற்சி, பாவி மனுஷா!

சனிக்கிழமை பத்தரைக்கு வெண்டெல் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"நாளைக்குக் கல்யாணம் மேவிஸ்! இஸ்திரிப் பெட்டி இருக்கா?"

"இன்னிக்குத்தான் சனிக்கிழமை."

"சும்மா விளையாடாத."

என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். நேரமும் தேதியும் அதில் இருந்தன. "நாப்பது தடவ நாப்பது நிமிஷம்... ஒரு நாளுக்கு மேல..." என்று ஆரம்பித்தவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கல்யாணம் சால்ட் லேக் சிட்டியில். நாலு மணி நேரப் பயணம். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். அவன் விடாமல் மகளுக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். வண்டிக்குள் எனக்கும் கேட்டது.

"யாரும்மா உன்னைக் கூட்டிட்டுப் போனா?"

"யாரும் இல்லப்பா. தனியாத்தான் நடந்தேன்."

"லோர்னா, நான்..."

"கோபமெல்லாம் இல்லப்பா. நீ செவ்வாய்க்குப் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கிறது ஒண்ணும் கஷ்டமா இல்ல."