உயிரோடு இருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும்

1

தொண்ணூற்று நாலில், ஆடி அமாவாசையன்று, பாபநாசம் படித்துறையில் பார்த்த ஒரு பையனிடமிருந்து வந்த கதை இது. பதினைந்து வயதிருக்கும். "யாருக்குத் தம்பி?" என்றேன். "அப்பாவுக்கு" என்றான். மேல்படியில் நின்ற அவன் அம்மாவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை. மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

2

பையனுக்குக் குமரகுருபரன் என்று பெயர் வைத்தேன். குமரகுருபரனின் அப்பா ஒரு விபத்தில்...

(அடித்துவிட்டேன். தகப்பனைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை சுளுவு. அவர் சாகவில்லை. பம்பாய்க்குப் போனவர் கடிதம்கூடப் போடவில்லை. தாராவியில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான்.)

கொன்றுவிடும் யோசனை குமரனுக்கும் வந்தது. செத்தவர் மகன் என்றால் இரக்கப்படுகிறார்கள். விட்டுவிட்டுப் போனவர் மகன் என்றால் சிரிக்கிறார்கள். "ஒங்கப்பா என்ன செய்யுதாருலே?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தான்.

இந்த வயதில் இவ்வளவு ஆத்திரம் வருமா என்று எனக்கே சந்தேகம். வரும். அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஒளிந்துகொள்வான். அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அடிக்கப் போவான். பாவம், இரண்டும் அவன்தான்.

3

ஆடி அமாவாசையன்று அம்மாவிடம் சொல்லாமல் அம்பாசமுத்திரத்தில் பாபநாசம் பஸ் ஏறினான். ஐயர் அவன் விரலில் தர்ப்பையை மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்தபோது, பின்னால் வந்த பஸ்ஸில் அவன் அம்மா உலகம்மாள் வந்து சேர்ந்தாள்.

(தாய்மனசுக்குத் தெரியும் என்று எழுதி அடித்தேன். பக்கத்து வீட்டில் யாரோ போட்டுக் கொடுத்தார்கள்.)

"ஏலே, அவரு உசுரோட இருக்காருலே."

"எனக்குச் செத்தாச்சு."

"எனக்கு மட்டும் என்ன? எப்பவோ போயிட்டாரு. ஆனா நீ தண்ணி விட்டுட்டேன்னா, ஊரு வந்து என் நெத்தியத்தாம்லே அழிக்கும்."

குமரன் இதை நினைத்தே பார்க்கவில்லை.

4

முடிவு ஒன்று: எள்ளை உதறிவிட்டு அம்மாவோடு வீட்டுக்குப் போகிறான். எழுதிப் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே கேள்வி, அதே சிரிப்பு.

முடிவு இரண்டு: தண்ணீர் விடுகிறான். உலகம்மாள் வீடு திரும்பியதும் தெருப்பெண்கள்...

(இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

ஐயர் அவசரப்படுகிறார். "அப்பா பேரச் சொல்லுடா. பின்னாடி எத்தனை பேர் காத்துண்டிருக்கா பாரு."

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்லி வெகுகாலமாகிறது. குமரனின் உதடு துடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேட்கிறவர்களுக்காகத் துடிக்கிறதா, அப்பாவுக்காகவா என்று அவனுக்கும் தெரியாது.

அந்த மனுஷனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் குமரன் சொல்லிவிடுவான். உங்களுக்கு மனசிருந்தால் நீங்கள் ஒன்று வையுங்கள். வைக்குமுன் மேல்படியில் நிற்கிறவளை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.