நாணயக் கடைக்காரரின் தேய்மானம்

பழைய நாணயங்களுக்கு மதிப்புச் சொல்லும் கடைக்காரருக்கு மூக்கு தேய ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அன்று வெள்ளி விலை முந்தின நாளைவிடச் சற்று இறங்கியிருந்தது. மூக்கில் தொடங்கியது முறைதான். காசில் எந்த இடம் மேடோ அதுதானே முதலில் தேயும். தேய்த்தவள் எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்னாள் கண்டக்டர். அவரை அவள் தொடவில்லை. கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் வைத்து, நடுவில் ஒரு காசு இருப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் காசு அவளுடையது. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து, ராஜா தலை போட்ட வெள்ளிக்காசு. பழைய வெள்ளியைத் துலக்கினால் மதிப்பு போய்விடும் என்று அவர் சொல்லியிருந்ததால், கருத்த காசைக் கருத்தபடியே வைத்திருந்தாள். மகளை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றுதான் ஒருநாள் அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். கடைக்காரர் எடை பார்த்தார், சரியாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ராஜாவின் தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது, காது மடல்கூட மழுங்கவில்லை. இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை. அங்கேதான் புத்தி கெட்டது. காசை ஒற்றை விரல் நுனியில் நிற்க வைத்துத் தட்டினால் வெள்ளி பாடும். இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துத் தட்டினால் எந்த வெள்ளியும் ஊமைதான். அவர் இறுக்கிப் பிடித்துத் தட்டினார்.

“சத்தம் வருதாம்மா? வெறும் முலாம். பஸ்ல சில்லறையோட சில்லறையா இத மாதிரி எத்தன பேர் தலையில கட்டின?”

வரிசை சிரித்தது. போலியை வெளியே விடக் கூடாது என்று சொல்லி, காசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். அவள் டெப்போவுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பையையும் விசிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் கள்ளக்காசு என்று பெயர். பள்ளியில் மகளுக்குச் சின்னக் கள்ளக்காசு. மூன்று வாரம் கழித்து அந்தக் காசு கடையின் கண்ணாடிப் பெட்டியில் ‘அசல், உயர் தரம்’ என்ற சீட்டோடு உட்கார்ந்திருந்தது. ராஜாவின் கழுத்துக்குக் கீழே இருக்கும் சின்ன வடுவை ஆயிரம் காசில் அவள் கண்டுபிடிப்பாள். இது வேறு காசு என்று கடைக்காரர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். காசு திரும்பி வந்தால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. அதே கடையில், வரிசை நிற்கும்போது, அசல் என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அவர் நன்றாக இருக்கக் கூடாது. மறுநாளே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

கிடைத்த தையல் வேலையை ராத்திரிக்குத் தள்ளிவிட்டு, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் தேய்த்தாள். முதல் வருஷம் மூக்கு போனது. அடுத்த வருஷம் புருவமும் தாடை எலும்பும். மூன்றாம் வருஷம் கன்னம் தட்டையானது. டாக்டர் ஒரு களிம்பும் இரண்டு வைட்டமினும் எழுதிக்கொடுத்தார். நாலாம் வருஷம் உதடு மழுங்கி, வாய் உண்டியல் பிளவுபோல ஆயிற்று. கண் பள்ளத்தில் இருந்ததால் தப்பித்தது, தொழில் கெடவில்லை. சவரம் செய்பவர், வேலை குறைச்சல் என்று கூலியைப் பாதியாக்கினார். மனைவி அவரை இருமலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். “என்னங்க, இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க” என்று ஒருநாள் அவள் சொன்னபோது, “திரும்பித்தான்டி படுத்திருக்கேன்” என்றார். காதை மட்டும் கண்டக்டர் விட்டுவைத்தாள். வீதிப் பிள்ளைகள் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

ஏழாம் வருஷம் அவர் சாலையைக் கடந்து வந்தார். “போதும்மா, நிறுத்து. காச எடுத்துட்டுப் போயிடு.”

“இங்க வேணாம். கூட்டம் வரட்டும். கடையில வச்சுப் பேசுவோம்.”

சனிக்கிழமை பதினொரு பேர் நின்றார்கள். அவள் மகளையும் கூட்டிவந்திருந்தாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காசை ஒற்றை விரல் நுனியில் ஏற்றித் தட்டினார். அந்தச் சத்தம் கடையைத் தாண்டி, வீதியைத் தாண்டி, டெப்போ வரைக்கும் போனது. மூன்று பஸ்கள் அதை விசில் என்று நினைத்துக் கிளம்பிவிட்டன. “அசல்” என்றார். தரம் கேட்டாள், சொன்னார். விலை கேட்டாள், வரிசையில் ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டார். அன்று எப்படித் தட்டினாய் என்று கேட்டாள். இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

காசை மகள் கையில் கொடுத்துவிட்டு, கண்டக்டர் அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். காசு வைக்கும் வெல்வெட் தட்டில் முகவாயை வைக்கச் சொன்னாள். வைத்தார். நெற்றியிலிருந்து கழுத்து வரை, வலமும் இடமுமாக, அவசரமில்லாமல் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. வரவில்லை. நிறைவாக இருந்தது.

“என் மூஞ்சியத் திருப்பிக் குடுத்துடும்மா” என்று அவர் தட்டிலிருந்தபடியே கெஞ்சினார்.

“தேஞ்சது திரும்புமா? உன் தொழில்தானே. நீயே பாத்துச் சொல்லு.”

மேசைமேல் கிடந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவர் பக்கம் பிடித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்திருக்கும், பதினொரு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“திரும்பாது” என்றார்.

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்று சொல்லிவிட்டு மகளோடு இறங்கி நடந்தாள்.

அந்த மாதம் கடை உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, படம் ஒட்டும் கட்டத்தில் அலுவலர் ‘தேய்ந்தது’ என்று எழுதி முத்திரை குத்தினார். கட்டணம் வழக்கமான கட்டணம்தான்.